ஈயவெழுத்து முதல் மின்னெழுத்து வரை

சென்ற ஆண்டு தைத் திங்களில் ஒரு நாட்காலை, நம் காலனிக்குச் செய்தித்தாள் போடும் முகவர் நம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். "சார், இந்தக் காலனியில் இப்போது தமிழ்ப் பேப்பர் வாங்குவது நாலே வீடு. நாலு பேப்பருக்காகப் பையனை அனுப்புவது கட்டுப்படியாகவில்லை. அடுத்த மாதம் முதல் கடைக்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். அவர்மீது நமக்குச் சினம் எழவில்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவர் நாம். அவருடைய கணக்கு நமக்குப் புரிந்தது.

ஆயினும் மனம் ஆறவில்லை. இதே காலனியில் முப்பது வீடுகளுக்குக் குறையாமல் தமிழ் நாளிதழ் விழுந்த காலத்தைக் கண்டவர் நாம். அந்த முப்பது எவ்வாறு நான்காயிற்று? செய்தித்தாள் நடத்துவோர் இம்மாறுதலை எவ்வாறு எதிர்கொண்டனர்? நமக்கு இதனால் நேர்ந்த நட்டம் யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் பழைய வரலாற்றைப் புரட்டினோம். பள்ளியிறுதி வகுப்புக்கு மேல் படித்தவரல்லோம், இரயில்வே எழுத்தர். கற்றறிந்தோர் குற்றம் பொறுத்து, குணம் கொள்ள வேண்டுகிறோம்.

கடன் வாங்கித் தொடங்கிய தொழில்

1878-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சென்னையில் ஆறு இளைஞர் கூடி, ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு, 'தி இந்து' என்னும் ஆங்கில வார இதழைத் தொடங்கினர். அவருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், ஆங்கிலம் அறியாத மக்களுக்கும் நாட்டு நடப்பு தெரிய வேண்டும் என்று கருதி, 1882-இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் இதழை நிறுவினார். வாரந்தோறும் வெளிவரத் தொடங்கிய அவ்விதழ் 1899-இல் நாளிதழாயிற்று. 1904-இல் அதன் உதவியாசிரியராகச் சேர்ந்த சுப்பிரமணிய பாரதியாரின் நாட்பணி, ஆங்கிலத்தில் வந்த தந்திச் செய்திகளைத் தமிழாக்கித் தருவதே.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அந்நாளில் தந்தி என்பது புதிய கருவி. கடல் கடந்த செய்தி சில மணி நேரத்தில் வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் வந்தது. அதைத் தமிழில் மாற்றவும், ஈயவெழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தது. தமிழெழுத்து 247 என்பர். ஆங்கில அச்சுக் கோப்பவரைப் போல ஒரு சிறு பெட்டியுடன் தமிழ் அச்சுக் கோப்பவர் அமர்ந்துவிட முடியாது. எழுத்தின் வடிவையே சிறிது எளிதாக்கலாம் என்று எண்ணிய பெரியார் ஈ.வெ.ரா., 1935-இல் தம் 'குடிஅரசு' இதழில் 'லை', 'னை', 'ணா', 'றா' போன்ற எழுத்துகளுக்குப் புது வடிவம் வழங்கத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு அதனை 1978-இல் ஏற்றது. இன்று நம் பிள்ளைகள் எழுதும் எழுத்தின் வடிவிலும் அச்சுக்கூடத்தின் தேவை கலந்திருக்கிறது.

தந்தியின் பெயர் தாங்கிய தாள்

1934-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள், பாரதியார் நினைவு நாளன்று, 'தினமணி' தோன்றியது, டி.எஸ். சொக்கலிங்கம் அதன் முதல் ஆசிரியர். 1942-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய நாளிதழ் தந்தியையே தன் பெயரில் தாங்கியது. இலண்டனில் சட்டம் பயின்ற காலத்தில், அங்கே சாதாரண மக்கள் படிக்கும் நாளிதழ்களைக் கண்டவர் ஆதித்தனார். பண்டிதர் நடையை விடுத்து, பேச்சுக்கு நெருங்கிய எளிய தமிழும், பெரிய எழுத்துத் தலைப்பும், படங்களுமாகத் 'தினத்தந்தி'யை நடத்தினார். தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப்பேர் கேட்டனர். அத்தலைப்புகளைப் பார்த்தே எழுத்துக் கூட்டக் கற்றவர் பலர்.

முதன்முதல் தோன்றிய 'சுதேசமித்திரன்' 20-ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே நின்றுபோயிற்று. அதற்குக் காரணம் பல கூறலாம். ஆயினும் புதிய வாசகர் கூட்டம் ஒன்று எழுத்தறிவு பெற்று எழுந்தபோது, அக்கூட்டத்தின் மொழியில் பேசிய தாள்கள் ஓங்கின என்பதை யாரும் மறுக்கார். இந்தியாவில் தந்தித் துறை 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மூடப்பட்டது. தந்தி போயிற்று, அதன் பெயர் தாங்கிய தாள் இருக்கிறது. கருவியின் பெயரைச் சூடியபோதும் அத்தாள் கருவியை நம்பி வாழவில்லை. வாசகரை நம்பி வாழ்ந்தது.

இருப்புப்பாதையில் வந்த தமிழ்

நம் ஊர்களின் கதைக்கு வருவோம். சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அமைந்தது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரியும் வரை, சென்னை மாகாணத்தின் பகுதியாகவே இருந்தது. ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. அன்று முதல் நமக்குத் தமிழ் நாளிதழ் என்பது அயல் மாநிலத்திலிருந்து வரும் விருந்தாளி.

அவ்விருந்தாளி பெரும்பாலும் இரயிலிலேயே வந்தார். சென்னையிலிருந்து அரக்கோணம், இரேணிகுண்டா வழியாக ஒரு பாதை. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாக மற்றொன்று. நம் தந்தையாரும் இரயில்வேயில் பணி செய்தவராதலின், சிறு பிராயத்திலேயே அக்காட்சியைக் கண்டோம். பார்சல் வண்டியின் கதவு திறக்கும். சணற்கயிற்றால் கட்டிய கட்டுகள் நடைமேடையில் தொப்பென்று விழும். முகவர்கள் அங்கேயே அமர்ந்து கயிற்றை அறுத்துப் பிரிப்பர். மையின் மணம் எழும். வண்டி தாமதமாயின் நாடே தாமதமாக விழித்ததுபோல் இருக்கும்.

தொலைவிலுள்ள ஊர்களுக்கு அனுப்பும் தாள் முன்னிரவிலேயே அச்சாகிவிடும். அதனை 'டாக் பதிப்பு' என்பர். இரவு நடந்த கிரிக்கெட் ஆட்டத்தின் முடிவு அதில் இராது. 'ஆட்டம் தொடர்கிறது' என்று மட்டும் இருக்கும். முடிவை மறுநாள்தான் படிப்போம். இன்றைய பிள்ளைகள் இதைக் கேட்டால் நகைப்பர். எனினும் அந்தத் தாமதமான தாளை எங்கள் தெருவில் முதலில் தந்தையார் படித்து, பின் அடுத்த வீட்டுத் தாத்தா படித்து, மாலையில் பெண்மணிகள் படித்து, இறுதியில் தலைப்பெழுத்துகளைச் சிறுவர் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க இரவாகிவிடும். ஒரு தாள் நான்கு வீட்டுக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

திருப்பதிக்கே வந்த அச்சுக்கூடம்

செய்தித்தாள் நடத்துவோரின் நெடுநாட் பகைவன் தொலைவுதான். அதனை வெல்ல அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. 'தி இந்து' 1963-இல் தாள்களை எடுத்துச் செல்லச் சொந்த விமானங்களை வாங்கிற்று. 1969-இல் பக்கத்தின் உருவையே கம்பிவழித் தொலைநகலாக வேற்றூருக்கு அனுப்பி அங்கே அச்சிடும் முறையைக் கைக்கொண்டது. 1986-இல் அதற்குச் செயற்கைக்கோளைப் பயன்படுத்திற்று. இதற்கிடையே ஈயவெழுத்து மறைந்து, ஒளியச்சுக் கோப்பும் ஆப்செட் பொறியும் வந்தன. வாழ்நாளெல்லாம் ஈயம் தொட்ட விரல்கள் பலவற்றுக்கு வேலை இல்லாமற் போயிற்று. அக்கண்ணீரையும் இவ்வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும்.

தெலுங்குத் தாள்களின் வரலாறு நமக்கு நல்ல பாடம். காசிநாதுனி நாகேசுவரராவின் 'ஆந்திர பத்திரிகா' 1908-இல் பம்பாயில் பிறந்து, 1914-இல் சென்னைக்கு வந்து நாளிதழாயிற்று. 1938-இல் 'ஆந்திர பிரபா'வும் சென்னையிலேயே தோன்றியது. ஆக, ஒரு காலத்தில் திருப்பதித் தெலுங்கரும் திருப்பதித் தமிழரும் சென்னை வண்டியையே எதிர்பார்த்து நின்றனர். 1974-இல் விசாகப்பட்டினத்தில் இராமோஜிராவ் தொடங்கிய 'ஈநாடு' இந்நிலையை மாற்றியது. ஐதராபாத், விஜயவாடா என்று ஊர் ஊராக அச்சுக்கூடம் அமைத்து, 1982-இல் திருப்பதிக்கும் வந்தது. 1989 முதல் மாவட்டந்தோறும் தனி இணைப்பு வெளியிட்டது. பக்கத்து ஊர்க் கிணறும், பள்ளிக்கூடமும், பேருந்து விபத்தும் முதன்முறையாகச் செய்தியாயின. தம் ஊர்ப்பெயரை அச்சில் கண்ட மக்கள் காசு கொடுத்துத் தாள் வாங்கினர்.

தெலுங்கருக்குத் தாள் வாசலுக்கு வந்தது. நமக்கோ சென்னைப் பதிப்பும் வேலூர்ப் பதிப்புமே கதி. சித்தூர்த் தமிழர் செய்தி அவற்றில் மூலையில் நான்கு வரி வந்தால் அது பேறு. இக்குறை அன்றே இருந்தது என்பதை மறத்தலாகாது. கடந்தகாலம் முழுதும் பொற்காலமன்று.

இணையம் புகுந்தது

1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே 'தி இந்து' இணையத்தில் ஏறிற்று. தமிழ்த் தாள்களுக்கோ புதிய தடை ஒன்று எழுந்தது. ஒவ்வொரு தாளும் தனக்கெனத் தனி எழுத்துரு வைத்திருந்தது. அதனை இறக்கிக் கணினியில் ஏற்றாவிடில் தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகளே தோன்றும். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோர் தமிழெழுத்தைக் கணினியில் நிலைநிறுத்தப் பாடுபட்டனர். 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் ஒழுங்கு தேடிற்று. 2010-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்றது. எந்தக் கைபேசியிலும் எந்தத் தமிழ்த் தாளையும் படிக்கலாம் என்னும் நிலை அவ்வாறு உழைப்பால் வந்ததேயன்றித் தானாக வந்ததன்று.

2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தபின், இணையத்தின் விலை சரிந்தது. நம் முன்பதிவுச் சாளரத்தின் எதிரே நின்ற வரிசை குறைந்ததும், நம் காலனியில் தாள் வாங்கும் வீடுகள் குறைந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். 2002-இல் இரயில் முன்பதிவு இணையத்துக்குச் சென்றபோது, இனி எழுத்தர் எதற்கு என்று கேட்டவர் உண்டு. கெட்டி அட்டைச் சீட்டு போய்விட்டது, பயணம் போகவில்லை. செய்தித்தாளுக்கும் அவ்வாறே என்று எளிதாகச் சொல்லிவிடலாமா? முடியாது. அங்கே பணக்கணக்கு வேறு.

விலை கொடுப்பவர் யார்?

ஒரு நாளிதழின் தாள், மை, அச்சுக்கூலி, ஏற்றுகூலி, செய்தியாளர் ஊதியம் யாவற்றையும் கூட்டினால், நாம் கொடுக்கும் விலை அதற்கு ஈடாகாது. குறையை நிரப்பியது விளம்பரம். வீடு வாடகை, மணமகன் தேவை, வேலை காலி என்னும் சிறுசிறு வரி விளம்பரங்களே பல தாள்களின் அன்னதாதா. இணையம் வந்தபின் அவை தனித்தனித் தளங்களுக்குப் போயின. பெரிய விளம்பரமோ கூகுள், பேஸ்புக் போன்ற பெருநிறுவனங்களின் பக்கம் சாய்ந்தது. செய்தியை எழுதுபவர் ஒருவர். அதைக் காட்டிப் பொருள் ஈட்டுபவர் வேறொருவர் என்றாயிற்று. போதாக்குறைக்கு 2019-இல் அச்சுத்தாள்மீது 10 விழுக்காடு இறக்குமதி வரி விழுந்தது. 2020-இல் 5 விழுக்காடாகக் குறைந்தது.

இதற்குப் பத்திரிகை நடத்துவோர் கண்ட வழிகள் பல. சிலர் தொலைக்காட்சியில் கால் வைத்தனர். தினத்தந்திக் குழுமம் 2012-இல் 'தந்தி டி.வி.' தொடங்கியது. சிலர் அச்சையே நம்பிப் புதிதாக வந்தனர். 2013-இல் தோன்றிய தமிழ் 'இந்து' அவ்வகை. சிலர் அச்சைத் துறந்தனர். 1941-இல் தொடங்கிய 'கல்கி' வார இதழ் 2020-இல் அச்சை நிறுத்தி மின்னிதழாயிற்று. இலண்டனில் 'தி இண்டிபெண்டண்ட்' நாளிதழ் 2016-இலேயே அவ்வாறு செய்தது. வேறு சிலர் வாசகரிடமே சந்தா கேட்டனர். அமெரிக்காவின் 'நியூயார்க் டைம்ஸ்' 2011-இல் இணைய வாசகரிடம் கட்டணம் கேட்டபோது பலர் நகைத்தனர். இன்று அதற்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட சந்தாதாரர் உள்ளனர். ஆனால் உலகமெங்கும் ஆங்கிலம் படிப்போரை வாசகராகக் கொண்ட ஒரு தாளின் வழி, சித்தூரில் நான்கு வீடுகளைக் கொண்ட தமிழ்த் தாளுக்கு அப்படியே பொருந்துமா என்பது சிந்திக்கத் தக்கது.

சட்டத்தின் துணையை நாடியவரும் உண்டு. செய்திக்குப் பெருநிறுவனங்கள் பணம் தரவேண்டும் என்று ஆஸ்திரேலியா 2021-இல் சட்டம் இயற்றிற்று. கனடா 2023-இல் அவ்வாறு செய்தபோது, பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் அந்நாட்டில் செய்தியையே காட்டாமல் நிறுத்திவிட்டது. நம் நாட்டில் இணையச் செய்தி வெளியீட்டாளர் சங்கத்தின் முறையீட்டின் பேரில், கூகுள் மீது விசாரணை நடத்தப் போட்டி ஆணையம் 2022-இல் ஆணையிட்டது. இப்போது செயற்கை அறிவுப் பொறிகள் செய்திகளைப் படித்துத் தாமே விடை சொல்லத் தொடங்கியுள்ளன. தன் செய்திகளை இசைவின்றிப் பயன்படுத்தியதாக ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024-இல் ஓப்பன் ஏ.ஐ. மீது டில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

ஏரி உடைந்தது என்ற இரவு

இவையெல்லாம் பத்திரிகை முதலாளிகளின் கவலை. நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு 2021-ஆம் ஆண்டு நவம்பரை நினைவூட்டுகிறோம். திருப்பதியில் பெருமழை. கடப்பை மாவட்டத்தில் அன்னமய்யா அணை உடைந்து உயிர்ச்சேதம் நேர்ந்த செய்தி வந்து நெஞ்சம் கலங்கியிருந்த வேளை. திருப்பதியை அடுத்த இராயலசெருவு ஏரிக்கரையில் நீர் கசிந்தது. கீழேயிருந்த ஊர்மக்களை அதிகாரிகள் வெளியேற்றினர். அன்றிரவு நம் காலனியார் கைபேசிகளில் 'ஏரி உடைந்துவிட்டது, வெள்ளம் வருகிறது' என்று செய்தி பறந்தது. யார் எழுதியது என்று எவருக்கும் தெரியாது. ஒரு மூதாட்டியாரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிச் சென்றனர். இரயில்வே ஆள் என்பதால் நம்மைக் கேட்டவர் எண்ணற்றோர். நமக்கு மட்டும் என்ன தெரியும்?

இறுதியில் ஐயம் தீர்த்தது எது? நாளிதழ் ஒன்றின் இணையப் பக்கமே. ஏரி உடையவில்லை, கசிவை அடைக்கும் வேலை நடக்கிறது என்று ஊரும் நேரமும் குறித்து அதில் எழுதியிருந்தது. பொய்யும் கைபேசியில்தான் வந்தது. மெய்யும் கைபேசியில்தான் வந்தது. வேற்றுமை ஒன்றே: மெய்யின் பின்னால், எழுதுமுன் விசாரித்த ஒரு செய்தியாளர் இருந்தார், அவர் எழுதியதைச் சரிபார்க்க ஓர் ஆசிரியர் இருந்தார், பிழையாயின் கேட்பதற்கு ஒரு முகவரி இருந்தது.

அன்று நமக்கு ஒன்று விளங்கிற்று. செய்தித்தாள் என்பதன் உயிர் தாளில் இல்லை, 'இது உண்மைதானா?' என்று கேட்பதற்காக ஊதியம் பெறும் அந்த மனிதரிடத்தில் இருக்கிறது. ஈயவெழுத்து போகட்டும், அச்சுத்தாளும் ஒருநாள் போகட்டும். அம்மனிதர் போய்விட்டால் அடுத்த மழைக்கு யாரைக் கேட்பது? அவரைக் காக்கும் பணம் இதுவரை விளம்பரத்திலிருந்து வந்தது. இனி வாசகரிடமிருந்தும் வந்தாக வேண்டும். இலவசமாகக் கிடைப்பதே போதும் என்று நாம் இருந்தால், கிடைப்பதும் அதற்கேற்றதாகவே இருக்கும்.

நம் கடன்

எல்லைக்கு இப்பால் வாழும் நமக்கு இன்னுமொரு கவலை உண்டு. நம் மகள் எட்டாம் வகுப்பில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறாள். வீட்டில் தமிழை அழகாகப் பேசுகிறாள். கைபேசியில் தமிழ்ச் செய்திக் காட்சிகளைப் பார்க்கிறாள். சென்ற பொங்கலன்று நாளிதழின் தலைப்பைக் காட்டிப் படிக்கச் சொன்னோம். இரண்டு சொல்லில் நின்றுவிட்டாள். "அப்பா, நீங்களே படித்துச் சொல்லுங்கள், எனக்குக் கேட்டால் புரியும்" என்றாள். அக்குழந்தையைக் குறை கூற வாயெழவில்லை. அவள் வயதில் நமக்கு எழுத்துக் கற்பித்தது வாசலில் விழுந்த தாள். அவள் வாசலில் விழ நாம் எதையும் வைக்கவில்லை.

இதில் நன்மையும் மறைந்திருக்கிறது. வண்டியை எதிர்பார்த்து, முன்னிரவில் அச்சான தாளைப் படித்த நாம், இன்று சென்னை வாசகர் படிக்கும் அதே நொடியில் படிக்க முடிகிறது. 1953-இல் விழுந்த எல்லைக்கோடு செய்திக்கு இன்று இல்லை. நம் முன்னோர் கனவிலும் காணாத வசதி இது. அதைப் பயன்கொள்ள மனம் மட்டுமே வேண்டும்.

ஆதலின் நம் சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோளை வைக்கிறோம். சங்க நிதியிலிருந்து ஒரு தமிழ் நாளிதழின் மின் சந்தாவை முறைப்படி கட்டுதல் ஒன்று. களவாகப் பரப்பப்படும் பிரதிகளைப் பகிர்வதைக் காலனியார் கைவிடுதல் இதில் அடங்கும். ஞாயிறுதோறும் மாலை அரைமணி நேரம், சங்கக் கூடத்தில் பிள்ளைகளை அமர்த்தி, அன்றைய செய்தியை அவர்களே எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்கச் செய்தல் மற்றொன்று. பிழையாகப் படிக்கட்டும், பெரியோர் அருகிருந்து திருத்துவோம். தேநீர்க் கடைகளில் ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்ட வழக்கத்தை நம் கூடத்தில் மீண்டும் தொடங்கலாம்.

முகவர் கூறியபடி, இப்போது வாரத்தில் இரு நாள் நாமே நடந்து சென்று கடையில் தாள் வாங்கி வருகிறோம். மகளும் உடன் வருகிறாள். வழியில் தலைப்பை அவளே படிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். சென்ற வாரம் நான்கு சொற்கள் படித்தாள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!